பள்ளம் விழுந்த மெத்தையை அம்மா தலையில் கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. ஒருக்களித்துப் படுப்பவன். சில மாதங்களாகக் காலையில் எழுந்தால் கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி. வலது கை மரத்துப்போகிறது. மெத்தை வாங்கி 11 வருடம் ஆகிறது, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. புதிதாக வாங்குவதென்றால் ஃபோம், ஸ்பிரிங், லேடெக்ஸ் எது நல்லது? தலையணை எவ்வளவு உயரம் வேண்டும்? கட்டாந்தரையில் படுத்தால் முதுகுவலி போய்விடும் என்கிறார்களே, உண்மையா? பழைய மெத்தையை அம்மா அறையில் போட்டுவிடுவோம். அவருக்கு 72 வயது, கட்டில் விளிம்பைப் பிடித்துத்தான் எழுவார், ஆனால் எதையும் கேட்க மாட்டார்.

பதில்: உங்கள் மெத்தைக்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் கடைசியில் எழுதினீர்களே, அந்த வரியை முதலில் பேசுவோம். தம்பி, 46 வயது உடம்புக்கே ஆகாது என்று நீங்கள் கழித்துக்கட்டும் மெத்தை 72 வயது உடம்புக்கு எப்படி ஆகும்? வாய்விட்டுக் கேட்காதவருக்குத் தேவையே இல்லை என்று நீங்களாக முடிவுகட்டிவிட்டீர்கள். பெற்றவள் கேட்கட்டும் என்று பிள்ளை காத்திருப்பது சரியில்லை.

இன்றைக்கே விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தைக்குக் குறுக்கே நேரான கம்பு ஒன்றை வையுங்கள். ஒட்டடைக் கம்பு போதும். கம்புக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்த மெத்தையின் ஆயுள் முடிந்தது. அடியில் பலகை போட்டால் கட்டிலின் தொய்வு நிற்கும், மெத்தையின் பள்ளம் அப்படியேதான் இருக்கும். மேலே மெல்லிய மெத்தை விரித்தாலும் அதுவும் சீக்கிரமே அதே பள்ளத்தில் அமுங்கிவிடும்.

அந்தப் பள்ளத்தில் அம்மா படுத்தால் என்ன ஆகும்? இடுப்புப் பக்கம்தான் கனம் அதிகம். அது கீழே இறங்க, முதுகு இரவு முழுக்க வளைந்தே கிடக்கும். தூக்கத்தில் நாம் அடிக்கடி புரள்வதால்தான் ஒரே இடத்தில் அழுத்தம் ஏறாமல் இருக்கிறது. பள்ளத்திலிருந்து புரள்வதோ மேடேறுகிற வேலை. வயதானவருக்கு அந்த வலு குறைவு, படுத்த பக்கமே கிடப்பார். இடுப்பெலும்பும் தோளும் வலிக்கும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் இன்னொரு ஆபத்து. நீங்கள் 11 வருடம் உட்கார்ந்து எழுந்த ஓரம் நைந்திருக்கும். அவர் உட்கார்ந்ததும் அது அமுங்கி முன்பக்கம் சரியும். கட்டிலிலிருந்து வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான். விளிம்பைப் பிடித்து எழுகிறவருக்கு விளிம்பு நைந்த மெத்தையா கொடுப்பீர்கள்?

அவருக்குத் தனியாகப் புதிது வாங்குங்கள். ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறதென்றால் அது அவருக்கு. நீங்கள் இன்னும் சில மாதம் பொறுக்கலாம். தடிமனான மெமரி ஃபோம் அவருக்கு வேண்டாம். உடல் சூட்டில் இளகி அழுத்தத்தைப் பரப்பும் என்பது நிஜம், ஆனால் அமுங்கிய இடம் மெதுவாகத்தான் மேலே வரும், அதில் புரள்வது சிரமம். ரப்பர் வகையான லேடெக்ஸோ அடர்த்தியான சாதாரண ஃபோமோ உடனே மீண்டு வரும். கட்டில் உயரத்தை அவர் காலை வைத்து முடிவு செய்யுங்கள். நாற்காலியில் செருப்பில்லாமல் உட்காரவைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து குதிகால்வரை அளக்க வேண்டும். அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு தரையிலிருந்து உள்ள உயரம் அந்த அளவோடு 2, 3 செ.மீ. கூடுதலாக இருந்தால் எழுவது சுலபம். உயரமான கட்டிலில் 25 செ.மீ. மெத்தையைப் போட்டால் அவர் கால் தொங்கும்.

காலையில் மூட்டு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், மெத்தையால் தீராது.

இனி உங்களுக்கு. கட்டாந்தரை வேண்டாம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை வைத்து நடந்த ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே 90 நாளில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க இடம் வேண்டும். தரை அதைக் கொடுக்காது.

ஃபோமா, ஸ்பிரிங்கா, லேடெக்ஸா என்பதைவிட உள்ளே இருப்பதன் தரம் முக்கியம். ஃபோம் என்றால் டென்சிட்டியை, அதாவது அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறைந்தால் சீக்கிரம் பள்ளம் விழும், 40 இருந்தால் நல்லது. டென்சிட்டி உழைப்பைச் சொல்லும், கெட்டித்தனம் வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங் என்றால் தனித்தனிப் பைக்குள் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங்கே மேல். பக்கத்தில் படுப்பவர் புரண்டால் உங்களை அவ்வளவாக உலுக்காது. எதுவானாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுங்கள்.

கழுத்துப் பிடிப்புக்கு முதலில் தலையணையைப் பாருங்கள். தோளைச் சுவரில் ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, தலையை நேராக வைத்து, காதுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். மெத்தையில் தோள் அமுங்குவதற்கு 2, 3 செ.மீ. கழியுங்கள். தலை அழுத்திய பிறகு தலையணை நிற்க வேண்டிய உயரம் அது. பலருக்கு 10 முதல் 13 செ.மீ.க்குள் வரும். தோளைத் தலையணை மேல் ஏற்றாதீர்கள், கழுத்தும் தலையும் மட்டும். முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை வையுங்கள், மேல்கால் முன்னால் விழுந்து இடுப்பை முறுக்காது. கை மரத்துப்போவது பெரும்பாலும் கையைத் தலைக்கடியில் கொடுப்பதாலோ மணிக்கட்டை மடக்கிக்கொள்வதாலோதான். ஒரு தலையணையை அணைத்துப் படுத்தால் கை நேராக இருக்கும். பகலிலும் மரத்தால், பிடி தளர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். இருவரும் வழக்கமாகப் படுக்கிற வாக்கில் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்கடியில் கையை நுழைக்கும்போது இடைவெளி தாராளமாக இருந்தால் மெத்தை கெட்டி. கையே நுழையாவிட்டால் மிருது.

வீட்டில் போட்ட முதல் நாள் அம்மா எழுவதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, காலைக் கீழே இறக்கும்போதே முழங்கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். உட்கார்ந்தபின் எழுந்து நிற்க இரண்டாவது முறை முயன்றால் உயரம் போதவில்லை. கட்டில் கால்களுக்கு அடியில் ஆடாத கட்டை வைத்து ஏற்றிக் கொடுங்கள்.