"இதுக்கு ஊர்லயே பி.டி. மாஸ்டர் ஆக்கியிருக்கலாமே!"

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு அப்பா ஞாயிற்றுக்கிழமை காலை காபி ஆறுவதற்குள் கூப்பிட்டார். மகள் பதினொன்றாம் வகுப்பு. "அக்கா, நல்லா படிக்கிற பொண்ணு. எட்டு வருஷ மெடிக்கல் புரோகிராமுக்கு லிஸ்ட்டெல்லாம் போட்டு வச்சிருக்கேன். திடீர்னு அத்லெடிக் டிரெய்னர் ஆகப் போறேங்கிறா. ஊர்ல எங்க அண்ணன், 'இதுக்கு இங்கயே பி.டி. மாஸ்டர் ஆக்கியிருக்கலாமே'ன்னு சிரிக்கிறார்."

நானும் முதலில் வழக்கமான ஆறுதலைத்தான் சொன்னேன். நாள் இருக்கிறது, பிள்ளைகள் மனசு மாறும் என்று. அப்புறம் போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். "ஆன்ட்டி, ஓடி வர்றவங்க கால் வைக்கிறதைப் பார்த்தே எந்தக் கணுக்கால்ல வலின்னு சொல்லிடுவேன். எங்க டிரெய்னர் செக் பண்ணிட்டு கரெக்ட்டும்பாங்க" என்றாள். இரண்டு வருடமாகப் பள்ளியில் டிரெய்னருக்கு உதவியாக இருக்கிறாள். தண்ணீர் கேன் தூக்குவதில் ஆரம்பித்து, இப்போது டேப் சுற்றும் வரை வந்திருக்கிறாள். அப்பா மறுபடி போனை வாங்கியதும், சொன்ன ஆறுதலை வாபஸ் வாங்கிக்கொண்டேன். "தம்பி, அவள் மனசு மாற வேண்டாம். நீங்கள் லிஸ்ட்டை மாற்றுங்கள்."

முதலில் அந்தப் பெயர்க் குழப்பம். ஊரில் பி.டி. என்றால் விசில் ஊதும் மாஸ்டர். இங்கே பி.டி. என்றால் பிசியோதெரபிஸ்ட். அத்லெடிக் டிரெய்னர் இரண்டும் இல்லை, ஜிம்மில் எடை தூக்க வைப்பவரும் இல்லை. மைதானத்தில் அடிபட்டால் முதலில் ஓடுகிற மருத்துவப் பணியாளர் அவர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-லேயே இதைத் துணை மருத்துவத் தொழிலாக ஏற்றுக்கொண்டது. நாட்டிலேயே முதலில், 1971-ல், இதற்கு லைசென்ஸ் சட்டம் போட்ட மாநிலம் டெக்சாஸ். 2023 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் வீரர் டமார் ஹாம்லின் மைதானத்தில் இதயம் நின்று விழுந்தபோது நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தவர், அந்த அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னர் டென்னி கெலிங்டன். அண்ணன் அடுத்த முறை சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

எட்டு வருஷ மெடிக்கல் பற்றியோ கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றியோ இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பே போதும். அந்தக் குரூப்பில் யாரும் பேசாதது கிராமத்துப் பள்ளிகளைப் பற்றி. அமெரிக்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அத்லெடிக் டிரெய்னர் கிடையாது. ஃபிரிஸ்கோ மாதிரி ஊர்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆள் இல்லாதது பெரும்பாலும் ஊர் சின்னதாக, ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் இடங்களில்தான்.

சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று, செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மேற்கே மூன்றரை மணி நேரம் போனோம். வழியெல்லாம் பருத்திக் காடும் காற்றாலையும். அந்தப் பள்ளியில் ஆடுவது அணிக்கு ஆறு பேர் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். பதினோரு பேரைத் தேற்ற முடியாத சின்னப் பள்ளிகளுக்காக 1934-ல் நெப்ராஸ்காவில் தொடங்கிய ஆட்டம் அது. உடை மாற்றும் அறைக்குப் பின்னால் ஒரு பெரிய கால்நடைத் தொட்டி, நிறையத் தண்ணீர், பக்கத்தில் இரண்டு ஐஸ் பெட்டி. "மாடு எங்கேக்கா?" என்றார் அப்பா.

மாட்டுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. டெக்சாஸ் வெயிலில் ஹெல்மெட்டும் பேடும் போட்டு ஓடுகிற பையனின் உள்ளுடம்புச் சூடு 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அரை மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். 2001 ஆகஸ்டில் மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சியின்போது வந்த வெப்பத் தாக்கில்தான் இறந்தார். இன்றைக்கு விதி, முதலில் குளிரூட்டு, அப்புறம் ஆம்புலன்ஸில் ஏற்று. அந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஐம்பது நிமிடம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் அரை மணி நேரம் வழியிலேயே போய்விடும். அந்தத் தொட்டியும், எப்போது அதில் இறக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆளும்தான் அங்கே வைத்தியம். அப்பா தொட்டியைச் சுற்றி வந்து ஒருமுறை தண்ணீரில் கை வைத்துப் பார்த்தார்.

இரண்டாவது கால்பகுதியில் ஒரு பையன் மோதி விழுந்து எழுந்தான். டிரெய்னர் அம்மா அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஆகஸ்ட்... அங்கேயே நின்றான். அவர் ஒன்றும் பேசாமல் ஹெல்மெட்டை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். கோச் இரண்டு முறை வந்து பார்த்தும் ஹெல்மெட் கைமாறவில்லை. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது, டெக்சாஸில் அது 2011 சட்டம். நம் பெண் கண் இமைக்காமல் அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி கசப்பான பக்கம். ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் அந்த அம்மா சொன்னார், மே மாதத்தோடு வேலையை விடுகிறாராம். ஒப்பந்தத்தில் மூன்று பள்ளிகள், தினமும் மாலை, சனிக்கிழமையும் சேர்த்து. காய்ச்சல் வந்தால் பதிலுக்கு ஆள் இல்லை. இந்த வேலைக்கு நாடு முழுவதும் நடுத்தர ஊதியம் 2024 கணக்குப்படி ஆண்டுக்கு 60,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். கிராமம் ஆளைத் தேடித் தேடிப் பிடிக்கிறது, பிடித்த ஆளைக் களைப்பாக்கி அனுப்பிவிடுகிறது. இதை அந்தப் பெண்ணிடம் நான் மறைக்கவில்லை.

ஆள் கிடைக்காத இடம் என்பதாலேயே பேரம் பேச இடம் உண்டு. சம்பளம் தருவது பள்ளி மாவட்டமா (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), ஆஸ்பத்திரியா, தனியார் கிளினிக்கா? எத்தனை பள்ளி? பத்து மாத ஒப்பந்தமா, பன்னிரண்டா? டெக்சாஸில் பல இடங்களில் பாடமும் எடுக்கச் சொல்வார்கள், அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை வகுப்பு? லீவு போட்டால் யார் நிற்பார்? மேற்பார்வை டாக்டர் ராத்திரி போனை எடுப்பாரா? சில சின்ன மாவட்டங்கள் ஆசிரியர்களுக்கு மலிவு வாடகையில் வீடு கொடுக்கின்றன, இவளுக்கும் உண்டா? பதிலை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பணம் பற்றி நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது முதுகலைப் படிப்பு. பி.எஸ். என்ற இளங்கலையோடு நிறுத்தும் பழைய வழியில் 2022-க்குப் பிறகு சேர்க்கை இல்லை. ஆகவே உள்மாநிலக் கட்டணத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தில் கினீசியாலஜி, அதாவது உடல் இயக்கம் பற்றிய இளங்கலை, பிறகு முதுகலை இரண்டு வருடம். மூன்றும் இரண்டும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். பள்ளி மாவட்டத்திலோ லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியிலோ முழுநேர வேலை என்றால், 120 மாதத் தவணை கட்டியபின் மத்திய அரசிடம் வாங்கிய கல்விக் கடனில் மீதி தள்ளுபடியாகும். லாபத்துக்கு நடக்கும் கிளினிக் சம்பளம் தந்தால், அதே மைதானத்தில் நின்றாலும் அது கிடையாது. அரசின் முதுகலைக் கடனுக்கும் 2026 ஜூலையிலிருந்து உச்சவரம்பு இறுகுகிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தனியார் கடன்தான், அதில் தள்ளுபடி கிடையாது. அப்பா கையெழுத்துப் போட்டு அப்படி ஒரு கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்றால், அந்தக் கல்லூரி இவளுக்கு இல்லை.

இன்னொன்று. இந்தப் பெண் இங்கே பிறந்தவள். உங்கள் பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருந்தால் கணக்கே வேறு. 21 வயதில் அந்த விசா முடியும், மத்தியக் கடனும் கிடையாது, சின்னப் பள்ளி மாவட்டம் விசா எடுத்துத் தரும் என்று நம்பி இறங்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசுங்கள்.

நேற்று அந்த அப்பா புது லிஸ்ட் அனுப்பியிருந்தார். ஆறு பெயர். ஐந்து டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள். ஆறாவது, பழைய எட்டு வருஷ மெடிக்கல் புரோகிராம், "சும்மா இருக்கட்டும் அக்கா" என்ற குறிப்போடு. அதைக் கோடு போட்டு அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.