நியூட்ரான் விண்மீன் மோதலும் பின்னொளியும்: வாசகர் கேள்விகள்

கிலோனோவா, பின்னொளி இரண்டும் ஒன்றுதானே, சார்? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

இல்லை. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீன்களின் மிக அடர்த்தியான மிச்சம்) மோதிச் சிதறிய பொருளில் உண்டான கனமான தனிமங்கள் கதிரியக்கத்தால் சூடேறி ஒளிர்வது கிலோனோவா. சில நாள், மிஞ்சினால் சில வாரம். பின்னொளி என்பது, மோதலிலிருந்து ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் ஜெட் (குறுகலான பொருள் தாரை) சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் இடிக்கும்போது எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று உமிழ்வது. இது வருடக்கணக்கில்கூடத் தெரியலாம்.

2017 ஆகஸ்ட் 17-இல் பதிவான மோதலில், ஈர்ப்பலை (வெளியையே அதிரவைக்கும் அலை) வந்த 1.7 விநாடியில் காமா கதிர் வந்துவிட்டது. எக்ஸ்ரேக்கு ஏன் 9 நாள்? (பட்டர்வொர்த் வாசகர்)

எக்ஸ்ரே வழியில் தாமதிக்கவில்லை. ஜெட் நம்மை நோக்கி வரவில்லை, அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: விடிகாலையில் பால் வெட்டுபவரின் தலைவிளக்கு மரத்தைப் பார்த்திருக்கும்வரை அடுத்த நிரையில் நிற்பவருக்கு வெளிச்சம் எட்டாது. ஒரு வித்தியாசம், ஜெட் நம் பக்கம் திரும்பவில்லை. அதிவேகத்தில் ஒளி குறுகலான கூம்பாக முன்னால் மட்டும் போகும். வேகம் குறையக் குறையக் கூம்பு விரிந்து நம்மைத் தொட்டது. 16-ஆம் நாளில் ரேடியோவும் கிடைத்தது. பின்னொளி சுமார் 150 நாள் மெல்ல ஏறி, அப்புறம் சரிந்தது.

சரி, அது ஜெட்தான் என்று எப்படி முடிவு கட்டினார்கள்? (அதே வாசகர்)

நல்ல கேள்வி. ஏறுமுகத்தை மட்டும் பார்த்தால், எல்லாப் பக்கமும் உப்பும் கூடு என்றும் சொல்லலாம், ஓரத்திலிருந்து பார்த்த ஜெட் என்றும் சொல்லலாம். ஒளிவளைவை (ஒளி ஏறி இறங்கும் வரைபடத்தை) மட்டும் நம்பி அடித்துப் பேசியவர்களை அப்போதே நான் நம்பவில்லை. தீர்ப்பு சொன்னது ரேடியோ படம். 75-ஆம் நாளுக்கும் 230-ஆம் நாளுக்கும் இடையில் பின்னொளிப் புள்ளி 2.7 மில்லிஆர்க்விநாடி (ஒரு மில்லிஆர்க்விநாடி என்பது ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) நகர்ந்திருந்தது. பினாங்கின் கொம்தார் கோபுர உச்சியில் ஓர் எறும்பு தன் உடல் நீளத்துக்கு நகர்வதைக் கோலாலம்பூரிலிருந்து கவனிப்பது போல. கூடு அப்படி ஒரே பக்கமாக நகராது. கணக்குப் போட்டால் ஒளியைவிட 4 மடங்கு வேகம் வரும். ஐன்ஸ்டைன் தப்பில்லை: தன் ஒளியையே துரத்திக்கொண்டு சாய்வாக நம் பக்கம் வரும் பொருள் அப்படித்தான் தோன்றும். சாய்வு ஏறக்குறைய 20 பாகை.

அந்த மோதல் பினாங்கில் என் மாடியிலிருந்து தெரிந்திருக்குமா?

வெறுங்கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கிலோனோவாவே உச்சத்தில், கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான விண்மீனைவிட 20,000 மடங்குக்கு மேல் மங்கல். ஆனால் ஈர்ப்பலை பூமியைத் தொட்டபோது நம் நேரம் இரவு 8.41. 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த என்ஜிசி 4993 விண்மீன் மண்டலம் அப்போது உங்கள் மேற்கு வானில் இன்னும் மறையாமல்தான் இருந்தது.