வி.ஆர். (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட் போட்டு ஆபீஸ் மீட்டிங் நடத்துவது வீடியோ காலைவிட நல்லதா?

எல்லா மீட்டிங்கையும் அதற்கு மாற்றும் எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்றால், வேண்டாம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிக் கலைகிற கூட்டத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் கனமுள்ள ஒன்றைத் தலையில் மாட்டச் சொல்வது அநியாயம். மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டே 515 கிராம், ஆப்பிளின் விஷன் புரோ அதைவிடக் கனம். கண்ணும் சீக்கிரம் களைத்துப்போகும், ஏனென்றால் எதிரே இருக்கும் பொருள் கிட்டே வருவதுபோலத் தெரிந்து இரண்டு கண்களும் உள்பக்கம் திரும்பினாலும், லென்ஸ் வழியே கண் குவிந்து பார்க்க வேண்டிய தூரம் மாறுவதே இல்லை.

ஆனால் பேசப்போகும் விஷயத்துக்கு அளவும் வடிவமும் இருந்தால் கதையே வேறு. கட்டப்போகும் அறை, புது இயந்திரத்தின் மாதிரி, இப்படி எதையாவது முழு அளவில் நடுவே நிறுத்திவிட்டால் ஒருவர் குனிந்து அடியில் பார்க்கிறார், இன்னொருவர் கையை உள்ளே விட்டு "இந்த வால்வைத் திருக ஸ்பேனருக்கு இடம் எங்கே?" என்று கேட்கிறார். திரையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி லேசில் வராது. குரலும் பெரிய லாபம். இடதுபக்கம் இருப்பவர் பேசினால் சத்தம் இடதுபக்கமிருந்தே வரும், தலை தானாகத் திரும்பும், யார் பேசுகிறார் என்று தேட வேண்டியதில்லை.

முகம்தான் பெரிய குறை. 2022இல் வந்த குவெஸ்ட் புரோ முக அசைவைப் படித்தது, குவெஸ்ட் 3 படிப்பதில்லை, அதனால் ஒருவர் மனதுக்குள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தாலும் அவருடைய அவதார், அதாவது அங்கே அவருக்குப் பதிலாக நிற்கும் கணினி உருவம், புன்னகைத்தபடியே இருக்கும். சம்பளம், வேலை மதிப்பீடு, மனத்தாங்கல் மாதிரி விஷயங்களைத் தயவுசெய்து அங்கே பேசாதீர்கள்.

அப்புறம், ஒரே செயலியை நம்பி எல்லாக் கோப்புகளையும் அதற்குள்ளேயே வைக்காதீர்கள். மைக்ரோசாப்ட் வாங்கி நடத்திய ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற வி.ஆர். சந்திப்புச் செயலி 2023 மார்ச்சில் மூடப்பட்டது. தலைசுற்றல் வருகிறவர்களும் டீமில் இருப்பார்கள், அவர்கள் காரணம் சொல்லாமலேயே வீடியோவில் சேர்ந்துகொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் உள்ளேயும் பாதிப் பேர் திரையிலும் இருந்தால், உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுத்துவிடுவார்கள், அதனால் கூட்டத்தை நடத்துகிறவர் திரையில் இருப்பவர்களிடம் முதலில் கருத்துக் கேட்க வேண்டும். ஆளுக்கொன்று வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று ஹெட்செட்டை இரவல் வாங்கி, உங்கள் வேலையில் உண்மையிலேயே இருக்கும் ஒரு முப்பரிமாண மாதிரியை வைத்து அரை மணி நேரம் பேசிப் பாருங்கள்.