ஹார்மோன் அறிக்கையை மட்டும் பார்த்துச் சிகிச்சை தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு 49 வயது, டர்பனில் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். எட்டு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை எடுத்து வருகிறேன். ஏழு மாதங்களாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. இரவில் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து, வியர்த்துக் கொட்டித் தூக்கம் கெடுகிறது. ஒரு தனியார் நலவாழ்வு மையத்தில் இரத்தமும் உமிழ்நீரும் எடுத்துப் பல ஆயிரம் ரேண்ட் செலவில் பரிசோதனை செய்து, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் குறைவு என்றார்கள். ‘இயற்கை ஹார்மோன்’ பூச்சு மருந்தைத் தாங்களே கலந்து தருவதாகவும் சொல்கிறார்கள். என் பெரியம்மாவுக்கு 67 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சர்க்கரை நோயுள்ள என் கணவருக்கு 54 வயது. எப்போதும் களைப்பு என்பதால் அவருக்கும் மாலை நான்கு மணிக்கு டெஸ்டோஸ்டிரோன் பார்த்தார்கள். அது 9.1 என்று வந்ததால் ஊசி போடச் சொல்கிறார்கள். நாங்கள் இருவரும் தொடங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அறிக்கையை நம்பி இருவருமே இப்போது தொடங்க வேண்டாம். ஆனால் இருவருக்கும் காரணம் வேறு. உங்களுக்கு ஹார்மோன் சிகிச்சை பொருத்தமாகவே இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் வயதும் நீங்கள் படும் தொல்லையுமே தவிர அந்த எண்கள் அல்ல. உங்கள் கணவர் விஷயத்தில் எண் மிக முக்கியம்; ஆனால் அவருக்கு அது எடுக்கப்பட்ட நேரமே தவறு.

முதலில் உங்களைப் பற்றிப் பேசுவோம். சினைப்பை ஒரே நாளில் வேலையை நிறுத்திவிடுவதில்லை. எண்ணெய் தீரும் நேரத்தில் அகல்விளக்கு ஒரு கணம் பொங்கி எரிந்து மறுகணம் மங்குவதைப் போல, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சில நாட்களில் இளமைக் காலத்தைவிட அதிகமாகவும் சில நாட்களில் மிகக் குறைவாகவும் சுரக்கிறது. சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனும் அதற்கு எதிர்த்திசையில் ஏறி இறங்குகிறது. செவ்வாய்க்கிழமை எடுத்த இரத்தத்தில் ‘குறைவு’ என்று வந்தது, அடுத்த வாரம் எடுத்தால் ‘இயல்பு’ என்று வரக்கூடும். ஆகவேதான் 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு, மாதவிடாய் மாற்றமும் உடல் கொதிப்பும் சேர்ந்திருந்தால், இரத்தப் பரிசோதனை இல்லாமலேயே, மாதவிடாய் நிரந்தரமாக நிற்கும் மெனோபாஸ் நெருங்குவதைக் கண்டறியலாம் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. எஃப்.எஸ்.எச். பரிசோதனைக்கு உண்மையான வேலை இருப்பது 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, குறிப்பாக 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்று போகும் பெண்களுக்கு. அங்கும் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பதே வழக்கம். உமிழ்நீரில் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் அளந்து மருந்தின் அளவைத் தீர்மானிப்பதை எந்தப் பொறுப்பான மருத்துவச் சங்கமும் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்தை நீங்கள் இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு; அந்தத் தாளை நம்பி மருந்தும் தொடங்கிவிடக் கூடாது என்ற கவலை அதைவிடப் பெரிது.

அப்படியானால் உங்களுக்குப் பரிசோதனையே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வேறு பரிசோதனைகள். இரவு வியர்வை எல்லாமே மெனோபாஸ் அல்ல. காசநோய் பரவலாக உள்ள தென்னாப்பிரிக்காவில் நாம் வாழ்கிறோம். வியர்வையோடு எடை குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ முதலில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் இதே வியர்வையும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும்; எனவே தைராய்டு ஹார்மோன் போதுமா, மிகையா என்று காட்டும் டி.எஸ்.எச். அளவை இப்போதே பார்த்துவிட வேண்டும். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதிகமாகப் போனால் ஹீமோகுளோபின் அளவையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள்; நம் பெண்களின் களைப்புக்கு ஹார்மோனைவிட இரும்புச்சத்துக் குறைவே பல நேரங்களில் காரணமாக இருப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். 45 வயதுக்கு மேல் அளவு மீறிய உதிரப்போக்கு இருந்தால், ஹார்மோன் தொடங்குவதற்கு முன் கருப்பையின் உட்சவ்வையும் ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) ஆகியவையும் சிகிச்சையின் முடிவை மாற்றக்கூடியவை என்பதால் பார்க்கத் தக்கவை.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதை ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி மோரும் வெந்தயமும் கொடுத்தார்கள். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் எது வானிலை, எது உடல் என்று பிரித்தறிவதும் கடினம்தான். மோர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது மருத்துவம் ஆகாது. உடல் கொதிப்புக்கு இன்று நம்மிடம் உள்ள மருந்துகளில் ஈஸ்ட்ரோஜனைவிட வலுவானது எதுவும் இல்லை.

இதைக் கேட்டதும் புற்றுநோய் அச்சம் வருவது இயல்பு. அந்த அச்சத்தின் மூலம் 2002-ல் அமெரிக்காவில் இடையில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. அதில் 16,608 பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களின் சராசரி வயது 63. குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் ஒரு செயற்கைப் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரை அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு அந்த மாத்திரையை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்தது. பக்கவாதமும் எட்டுப் பேருக்குக் கூடியது. இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்குக் குறைந்தது. ஆபத்து உண்மையானது, ஆனால் நாளிதழ்த் தலைப்புகள் காட்டிய அளவு பெரியது அல்ல. 63 வயதில் தொடங்கிய பெண்ணின் கணக்கை 49 வயதுப் பெண்ணின் மேல் அப்படியே ஏற்றுவதும் சரியல்ல. கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்பதும் அதே ஆராய்ச்சியின் இன்னொரு பகுதியில் தெரிந்தது. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே மேலோங்குகிறது என்பது இன்றைய நிலைப்பாடு.

உங்கள் பெரியம்மாவுக்கு 67 வயதில் வந்த நோய் மட்டும் உங்களுக்குத் தடையாகாது. தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இளம் வயதில் வந்திருந்தாலோ, ஒரே குடும்பத்தில் பலருக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ கதை வேறு. அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கே மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி, தீவிரமான கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வழக்கமான ஹார்மோன் சிகிச்சை விலக்கப்படும். அப்போதும் ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு.

கருப்பை இருக்கும் பெண் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. அது கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்து, காலப்போக்கில் புற்றுநோய்க்கு வழிவிடும். அதைத் தடுக்கவே புரோஜெஸ்டிரோன் சேர்க்கப்படுகிறது. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால், உங்களுக்கு அதை மாதத்தில் 12 முதல் 14 நாட்கள் கொடுப்பது பொதுவான முறை. நலவாழ்வு மையத்தின் பூச்சு மருந்து எனக்குக் கவலை தருவதும் இந்த இடத்தில்தான். தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் கருப்பையைக் காக்கும் அளவுக்கு உள்ளே சேருகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. கலந்து தரும் மருந்தில் ஒவ்வொரு டப்பாவிலும் அளவு ஒன்றாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ‘இயற்கை’ என்ற சொல்லுக்காக ஏங்கவும் தேவையில்லை. நம் உடல் சுரப்பதற்கு நிகரான எஸ்ட்ராடியோலும் நுண்துகள் புரோஜெஸ்டிரோனும் முறையாகப் பதிவு செய்யப்பட்ட மருந்துகளாகவே, மருத்துவரின் சீட்டுக்கு, சாதாரண மருந்துக்கடையில் கிடைக்கின்றன.

ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எடுப்பதா, தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுப்பதா என்பதில் உங்களுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூட்டுகிறது. தைராய்டு மாத்திரையை நம்பி இருப்பவருக்கு அதனால் அதன் அளவு போதாமல் போகலாம். தோல் வழியாகச் செல்லும்போது இந்தத் தொல்லை இல்லை. இரத்தக் கட்டி அபாயம் கூடுவதாகவும் இதுவரை தெரியவில்லை. உங்கள் நிலையில் நான் பட்டையையோ ஜெல்லையோதான் முதலில் தேர்வேன். மாத்திரைதான் என்று முடிவானால் ஆறு முதல் எட்டு வாரங்களில் டி.எஸ்.எச்.-ஐ மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரோ காலை உணவோ கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. புரட்டாசி விரத நாட்களில் உணவு நேரம் மாறினாலும் விடியற்காலையில் தண்ணீரோடு இதை எடுத்துக்கொள்ளலாம். விரதத்துக்காக நிறுத்தி, பிறகு டி.எஸ்.எச். ஏறிவிட்டது என்று அஞ்சி வருபவர்களும் உண்டு. முடி வளரவென்று விற்கப்படும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின், ஆய்வுக்கூடக் கருவியைக் குழப்பி, இல்லாத தைராய்டு மிகைப்பை இருப்பதாகக் காட்டக்கூடும். அத்தகைய மாத்திரை எடுப்பவர் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் அதை நிறுத்தி, ஆய்வுக்கூடத்திலும் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கணவர். டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்குவது. சாப்பிட்ட பிறகு இன்னும் இறங்குவது. எனவே காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், காய்ச்சலோ வேறு நோயோ இல்லாத நாளில், வெவ்வேறான இரண்டு நாட்களில் எடுத்த அளவைத்தான் நம்பலாம். மாலை நான்கு மணிக்கு வந்த 9.1 எதையும் நிரூபிக்கவில்லை. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோனைச் சுமக்கும் புரதம் குறைவாக இருப்பதால் மொத்த அளவு இறங்கித் தெரியும். புரதத்தோடு ஒட்டாமல் உடலுக்குப் பயன்படும் கட்டற்ற பகுதி சரியாகவே இருக்கலாம். காலையிலும் இருமுறை குறைவாக வந்தால், மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகியவற்றைப் பார்த்து, கோளாறு விதைப்பையிலா மூளையடிச் சுரப்பியிலா என்று அறிய வேண்டும். அவர் இரவில் பலமாகக் குறட்டை விடுகிறாரா, கோடீன் கலந்த வலி மாத்திரைகளை நெடுநாளாக எடுக்கிறாரா என்றும் கேட்கிறேன்; இரண்டும் களைப்பைத் தரும், டெஸ்டோஸ்டிரோனையும் இறக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் வரும் களைப்புக்கு ஊசி தீர்வாகாது.

ஊசியைத் தொடங்கியபின் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். விந்தணுவும் குறைந்துவிடும் என்பதால் குழந்தை வேண்டுவோருக்கு இது ஆகாது. இரத்தம் தடிக்கும், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. அளவைத் தொடங்கும் முன்பும் பின்பும் பார்க்க வேண்டும். 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும் நுரையீரல் இரத்தக் கட்டியும் கூடுதலாகக் காணப்பட்டன. உண்மையான குறைபாடு உள்ளவருக்கு இது நல்ல மருந்து. குறைபாடு இல்லாதவருக்கு ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

இணையத்தில் தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளிகளைப் பார்த்து அளவை ஒப்பிட்டு அஞ்சுபவர்களுக்காக ஒரு விளக்கம். அங்கே டெஸ்டோஸ்டிரோனை டெசிலிட்டருக்கு நானோகிராமில் சொல்வார்கள். இங்குள்ள ஆய்வுக்கூடங்கள் லிட்டருக்கு நானோமோலில் தருகின்றன. அங்கே 300 என்பது இங்கே ஏறத்தாழ 10.4. இந்த வேறுபாடு தெரியாமல், ‘முந்நூறு இருக்க வேண்டியது ஒன்பதுதான் இருக்கிறது’ என்று கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஸ்ட்ராடியோலையும் அங்கே மில்லிலிட்டருக்குப் பிகோகிராமில் சொல்வார்கள், அதை 3.67-ஆல் பெருக்கினால் இங்குள்ள எண் வரும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களிடம் மெடிக்கல் எய்டு என்னும் தனியார் மருத்துவக் காப்புத் திட்டம் இருந்தால், ஹார்மோன் சிகிச்சை உட்பட மெனோபாஸ் கால மருத்துவம், சட்டப்படி எல்லாத் திட்டங்களும் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். தைராய்டுக் குறைபாடு நாட்பட்ட நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. மருத்துவரிடம் சரியான நோய்க் குறியீட்டை எழுதித் தரச் சொல்லித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். மெடிக்கல் எய்டு இல்லையென்றால், உங்கள் பகுதி அரசு கிளினிக்கில் தொடங்கி, தேவைப்பட்டால் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். போகும்போது மூன்று மாத மாதவிடாய்த் தேதிகளையும், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும், மூலிகை உட்பட எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஹார்மோன் சிகிச்சை கருத்தடையாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாதவிடாய் இன்னும் வரும் உங்களுக்குக் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. கடைசி மாதவிடாய் ஐம்பது வயதுக்கு முன் வந்தால் அதன்பின் இரண்டு ஆண்டுகளும், ஐம்பதுக்குப் பின் வந்தால் ஓராண்டும் கருத்தடை தேவை. சிகிச்சை தொடங்கினால் மூன்று மாதத்தில் ஒரு முறையும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சில மாதங்களில் சிறிது இரத்தக் கசிவு வருவது வழக்கம். அதன் பிறகும் நீடித்தாலோ, நின்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.