விண்கலக் கருவியின் அதிர்வுச் சோதனையில் விசைக்கும் ஏன் வரம்பு வைக்கிறார்கள்?

முடுக்கத்தை மட்டும் கட்டுப்படுத்தினால், ராக்கெட்டில் படாத பாட்டைக் கருவி சோதனைக்கூடத்திலேயே பட்டுவிடும், அதனால்தான். ராக்கெட்டில் கருவியைத் தாங்கும் தளம் ஓரளவு வளைந்துகொடுக்கும். ஒத்ததிர்வு வரும் இடத்தில், அதாவது கருவி தன் இயல்பான அதிர்வெண்ணில் பெரிதாக ஆடும் இடத்தில், கருவியே அந்தத் தளத்தின் ஆட்டத்தை அடக்கிவிடும். சோதனைக்கூடத்தில் கருவியை ஆட்டும் அதிர்வு மேசை அப்படி விட்டுக்கொடுக்காது; கேட்ட முடுக்கம் வரும்வரை தள்ளும். மேசைக்குக் கொடுக்கும் சோதனை அளவோ ராக்கெட் அதிர்வின் உச்சங்களைத் தொட்டு வரைந்த கோடு. ஆட்டம் அடங்கும் இடத்தில் விழும் பள்ளம் அதில் தெரியாது.

சரி, என்ன செய்வது? மேசைக்கும் கருவிக்கும் நடுவே அழுத்தமின் (அழுத்தினால் மின்னூட்டம் தரும்) விசை உணரிகளை வைப்பார்கள். விசை வரம்பைத் தொட்டதும் அந்த அதிர்வெண்ணில் மட்டும் முடுக்கம் தானாகக் குறையும். 1996-இல் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில், சனிக் கோளுக்குச் சென்ற காசினி விண்கலம் முழுவதையுமே இப்படிச் சோதித்தார்கள்.

வரம்பு என்பது நிறை, முடுக்கம், சி என்ற மாறிலி மூன்றின் பெருக்கல். சி பெரும்பாலும் முந்தைய அளவீடுகளிலிருந்து வருவது. அதைக் குறைத்துப் போட்டால் சோதனையே பலவீனமாகிவிடும். என் பார்வையில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.