ஓவர்சீயர் பதில்கள்: கலவை கழுவிய தண்ணீர்

சென்ற மாதம் தளம் போடும் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். தளத்தைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களைவிட, தளம் போட்டு முடிந்ததும் தெருவில் ஓடுகிற சாம்பல் நிறத் தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். ஆகவே இந்த மாதம் முழுவதும் அதற்கே.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்தது. கலவையை இறக்கிய பிறகு, தெருமுனையில் கால்வாய் ஓரமாக நிறுத்தி, பின்பக்கத்தைக் கழுவிவிட்டுப் போனார் ஓட்டுநர். கேட்டால், “வெறும் தண்ணீர்தானே அம்மா” என்கிறார். அப்படித்தானா?
– வாசகி, திருப்பாலை

இல்லை, அம்மா. சிமெண்டில் தண்ணீர் பட்டதும் அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வெளியேறத் தொடங்கிவிடும். காரத்தையும் புளிப்பையும் அளக்கும் பி.எச். கணக்கில் நல்ல தண்ணீர் 7 என்றால், கலவை கழுவிய தண்ணீர் 12-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். அந்தக் கணக்கில் ஒவ்வோர் எண் ஏறும்போதும் காரம் பத்து மடங்கு ஏறும். ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு ஐந்து படி, அதாவது ஒரு லட்சம் மடங்கு. ஆற்றிலோ குளத்திலோ விடும் கழிவுநீர் 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதி.

ஓட்டுநரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் வைத்துக்கொண்டு, அவர் கழுவிய தண்ணீரில் கொஞ்சத்தை அதில் விட்டுக் காட்டுங்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்ததும் எப்படிச் சிவக்கிறதோ அப்படியே சிவக்கும். சோதனைக் கூடத்தில் பயன்படும் மஞ்சள் தாளும் இதே சங்கதிதான்.

இன்னொன்றையும் பலர் நினைப்பதில்லை. சிமெண்டு காய்ந்துதான் இறுகும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தண்ணீருக்குள்ளேயே இறுகும் பொருள். கால்வாயில் போன சிமெண்டுப் பாலும் பொடி ஜல்லியும் பாலத்துக்கு அடியில் போய்க் கல்லாகிவிடும். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற பிறகு மாநகராட்சியைத் திட்டிப் பயனில்லை. மதுரையில் தெருக் கால்வாய் என்று நாம் சொல்கிற பல, ஏதோ ஒரு கண்மாயின் பழைய வரத்துக் கால்வாய்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓட்டுநரை மட்டும் பிடித்து உலுக்காதீர்கள். கலவை இறங்கும் சரிவுத் தகட்டைக் கழுவாமல் நம் ஊர் வெயிலில் வண்டியை ஓட்டினால், கலவை தயாராகும் பிளாண்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒட்டியது இறுகிவிடும். பிறகு சுத்தியலால் தட்டிப் பெயர்க்க வேண்டியவரும் அவரே. ‘இங்கே கழுவிக்கொள்’ என்று அந்த வீட்டில் யாரும் அவருக்கு இடம் காட்டவில்லை. கலவைக்கு ஆர்டர் கொடுத்தவர் காட்டியிருக்க வேண்டும். லாரியில் சுழலும் உருளையின் உட்புறத்தைக் கழுவுவது வேறு. அதைப் பிளாண்டில் உள்ள படிவுத் தொட்டியில்தான் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் தகட்டுக்கு மட்டுமே அனுமதி என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நான் கட்டட ஒப்பந்தக்காரன். ஒரு லாரியைக் கழுவிய தண்ணீரால் வண்டியூர்க் கண்மாய் செத்துவிடுமா? ஏற்கெனவே சாக்கடை கலக்கும் நீர்நிலைகளுக்கு இதனால் என்ன வந்துவிடப் போகிறது?
– வாசகர், மேலூர்

செத்துவிடாது. ஒரு தகட்டைக் கழுவ இரண்டு மூன்று குடம் தண்ணீர் ஆகும். அவ்வளவு பெரிய கண்மாயில் அது தெரியவும் தெரியாது. ஆனால் நீங்கள் அதைக் கண்மாயின் நடுவில் கொண்டுபோய் ஊற்றுவதில்லை, மேஸ்திரி. கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓடையில் ஊற்றுகிறீர்கள். தவளையும் மீன்குஞ்சும் இருப்பது அங்கேதான். வண்டியும் ஒன்றோடு நிற்பதில்லை. உங்கள் தொழிலில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று என்னைவிட உங்களுக்கே தெரியும்.

சாக்கடை வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. சாக்கடை நீரில் அம்மோனியம் கரைந்திருக்கும். அந்த நிலையில் அதனால் மீனுக்கு அவ்வளவு கேடில்லை. காரம் ஏற ஏற அது அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. சுத்தமான தண்ணீரில் ஊற்றுவதைவிடச் சாக்கடை கலந்த தண்ணீரில் ஊற்றுவதுதான் மோசம்.

மூன்று சென்ட் இடம், எண்ணூறு சதுர அடித் தளம். கழுவக் குழி வெட்ட இடம் எங்கே இருக்கிறது? தண்ணீர்த் தொட்டிக்கு வெட்டிய பள்ளம் சும்மா கிடக்கிறது. அதில் விடலாம் என்கிறார் கொத்தனார்.
– வாசகர், திருநகர்

விடாதீர்கள். வெறும் மண் பள்ளத்தில் விட்டால் காரத் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். நாளை அதே இடத்தில் குடிநீர்த் தொட்டி கட்டப் போகிறீர்கள். அடியில் படிந்து இறுகியதைக் கடப்பாரை போட்டு எடுக்கும் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் எவ்வளவு வரும் என்று பார்ப்போம். எண்ணூறு சதுர அடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் ஒன்பதரை கன மீட்டர். உத்தரங்களையும் சேர்த்தால் ஆறு கன மீட்டர் லாரி இரண்டு, கூடக் கலவையைக் குழாய் வழியாக மேலே ஏற்றும் பம்ப் வண்டி ஒன்று. குழியே வேண்டாம். ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசை, சாந்து வைக்காமல் அடுக்கி, உள்ளளவு நான்கடிக்கு நான்கடியாக ஒரு தொட்டி கட்டுங்கள். சுமார் 600 லிட்டர் பிடிக்கும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். வேலை முடிந்ததும் பிளாக்கை எடுத்துச் சுவருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் கசியாதபடி உள்ளே விரிக்கும் பிளாஸ்டிக் தாளில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். சென்ட்ரிங் பலகைமேல் விரித்துக் கிழிந்த பழைய தாளைக் கொண்டுவந்து போடுவார்கள். ஓட்டைத் தாள் விரிப்பதும் விரிக்காததும் ஒன்று. 250 மைக்ரானுக்குக் குறையாத, ஒட்டு இல்லாத ஒரே தாளாக வாங்குங்கள். கீழே இரண்டு அங்குலம் மணல் பரப்பினால் சரளை குத்தாது. தாள் நாலு பக்கச் சுவரையும் தாண்டி வெளியே தொங்க வேண்டும். அதன்மேல் ஒரு வரிசைக் கல்லை வைத்து அழுத்துங்கள்.

அமெரிக்காவில் இதற்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் அதைச் செய்தால் மாட்டுக்காரர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். மழைநீர்க் கால்வாயிலிருந்து 50 அடி தள்ளி வைக்க வேண்டும் என்பதும் அந்த நாட்டு வழிகாட்டுதல். மூன்று சென்டில் அது நடக்காது. வாசலில் கால்வாய் இல்லாத பக்கமாக, லாரியின் பின்பகுதி எட்டும் இடத்தில் வையுங்கள். கால்வாய் வாய்க்கு மணல் மூட்டை போட்டு அணை கட்டுங்கள். லாரி வருவதற்கு முந்திய மாலையே தொட்டி தயாராகிவிட வேண்டும்; கலவை இறங்கும் நேரத்தில் யாருக்கும் கை ஒழியாது.

பம்ப் வண்டியை மறந்துவிடாதீர்கள். குழாயில் முதலில் ஓட்டும் சிமெண்டுப் பால், கடைசியில் அதன் தொட்டியில் தங்கும் கலவை இரண்டும் தகட்டுக் கழிவைவிட அதிகம். தங்கும் நல்ல கலவையை வீணாக்காமல் கால்வாய் மூடிப் பலகை வார்க்க, துண்டுக் கம்பி கட்டி ஓர் அச்சைத் தயாராக வையுங்கள்.

இரவில் வண்டல் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து நிற்கும். ‘சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்று அதை மொண்டு வெளியே ஊற்றுகிறவர்கள் உண்டு. படிந்தது வண்டல் மட்டும்தான். காரம் அந்தத் தெளிந்த நீரில் அப்படியே கரைந்திருக்கிறது. தரைக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டிய வேலைக்கு வேண்டாம். இல்லையென்றால் அப்படியே காயட்டும். சித்திரை வெயிலில் சீக்கிரம் வற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே ஒரு தாள் போட்டு மூடாவிட்டால் மழையில் நிரம்பித் தெருவுக்கு வந்துவிடும். தெருப் பிள்ளைகள் கை விடாதபடி சுற்றிக் கயிறு கட்டுங்கள்.

சிமெண்டுத் தண்ணீரில் சுண்ணாம்புதானே இருக்கிறது? நிலத்துக்குச் சுண்ணாம்பு நல்லது என்கிறார்களே. வேப்ப மரத்தடியில் ஊற்றலாமா?
– வாசகர், திருமங்கலம்

புளிப்பு மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு மருந்து. உங்கள் ஊர்க் கரிசலில் ஏற்கெனவே காரம் அதிகம். மேலும் ஏற்றினால் மண்ணில் இரும்புச் சத்தும் துத்தநாகமும் இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போகும். நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக வந்தால் அதுதான் காரணம். போதாதற்குச் சிமெண்டு மண்ணின்மேல் தோலாகப் படிந்து தண்ணீர் இறங்குவதையும் தடுக்கும். மரத்தை விட்டுவிடுங்கள்.

தளம் போட்ட அன்று இரவு, சித்தாள் வேலைக்குப் போன என் அக்காவுக்குக் காலில் கொப்புளம். அன்று வலியே இல்லை என்கிறார். கலவைத் தண்ணீரால் இப்படி வருமா?
– வாசகி, செல்லூர்

வரும். காரப் புண்ணின் கெட்ட குணம் அதுதான், படும்போது வலிக்காது. வேலை மும்முரத்தில் பல மணி நேரம் கால் அதிலேயே நிற்கும், இரவில்தான் தெரியும். கொப்புளத்தை உடைக்காமல் உடனே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சிமெண்டுக் கலவையில் நின்றது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெந்நீர் பட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இனிமேல் பட்டால், நனைந்த துணியையும் செருப்பையும் கழற்றிவிட்டு, ஓடும் நல்ல தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவ வேண்டும். கழுவுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. ரப்பர் பூட்ஸ் போட்டால் நல்லது. ஆனால் அதற்குள் கலவைத் தண்ணீர் புகுந்தால் பூட்ஸ் இல்லாததைவிட மோசம், உடனே கழற்ற வேண்டும். கண்ணில் தெறித்தால் தாய்ப்பால் விடுகிற வைத்தியமெல்லாம் வேண்டாம். இமையை விரித்துப் பிடித்து விடாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு, நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைக்கு எத்தனை சட்டி என்று எண்ணிக் கூலி கொடுக்கிறவர்கள், கை கால் கழுவ ஒரு டிரம் நல்ல தண்ணீர் வைப்பதையும் கூலியோடு சேர்த்துக்கொள்ளட்டும்.

கழுவிய தண்ணீரில் கழிவறை ஆசிட் ஊற்றிக் காரத்தை முறிக்கலாமா? காய்ந்து கட்டியானதை எங்கே போடுவது?
– வாசகர், ஒத்தக்கடை

ஆசிட் வேண்டாம். அளவு தவறினால் புளிப்புத் தண்ணீராகிவிடும்; ஊற்றுகிறவர் மூக்கும் எரியும். திறந்து வைத்தாலே காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல அதை முறிக்கும். தண்ணீர்மேல் வெள்ளை ஏடு படிகிறதே, அது அந்த வேலைதான்.

கட்டியைத் தாளோடு தூக்கி, தாளை உரித்துவிட்டு, சம்மட்டியால் உடைத்துத் தரைக்கு அடியில் சரளையோடு நிரப்பிக்கொள்ளலாம். மிஞ்சினால் மாநகராட்சி அல்லது பஞ்சாயத்து காட்டும் இடத்துக்கு அனுப்புங்கள். கான்கிரீட், மண், மரம், பிளாஸ்டிக் எனத் தனித்தனியே பிரிக்க வேண்டும், தெருவையோ கால்வாயையோ அடைக்கும்படி போடக் கூடாது என்று 2016-இலேயே விதி வந்தாயிற்று. இரவோடு இரவாகக் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு வருகிறேன் என்று டிராக்டர்காரர் சொன்னால், வாடகை எவ்வளவு குறைத்தாலும் அவரை அனுப்பிவிடுங்கள்.