பைபாஸ் ரோட்டு வாசலுக்கு எந்த மரக்கன்று வாங்கலாம்?

கேள்வி: வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் எங்கள் வீடு. பஸ், லாரிப் புகை நேராக வாசலுக்கு வருகிறது. நர்சரிக்காரர் கோனோகார்பஸ் கன்றைக் காட்டி, "புகையெல்லாம் இழுத்துரும், மளமளன்னு வளரும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மளமளவென்று வளரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் வேர் தண்ணீரைத் தேடிக் குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய் எல்லாவற்றுக்குள்ளும் நுழையும். பூ உதிர்க்கும் மகரந்தம் சளி, இளைப்பைக் கிளப்புகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி குஜராத் அரசு 2023-லேயே அதை நடத் தடை போட்டது.

அப்புறம், புகையை இழுப்பது வேறு, புகையைத் தாங்குவது வேறு. ஒரு மரம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரு குறியீடு இருக்கிறது. இலையில் நான்கை அளப்பார்கள்: அஸ்கார்பிக் அமிலம், பச்சையம், சாற்றின் பி.எச். (புளிப்புத்தன்மையின் அளவு), ஈரப்பதம். அஸ்கார்பிக் அமிலம் வேறொன்றுமில்லை, நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமின் சிதான். புகை இலைக்குள் உண்டாக்கும் நச்சை அது முறிக்கிறது. மா, ஆல், அரசு ஆகியவை பெரும்பாலும் இதில் நல்ல எண் வாங்கும். ஆனால் அதே மரத்துக்கு ரோடு மாறினால், பருவம் மாறினால் எண்ணும் மாறும். அதனால் "கேரண்டி" என்று யார் சொன்னாலும் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஆலும் அரசும் ஊர்ப் பொதுவிடத்துக்குச் சரி. வீட்டுச் சுவரைப் பிளந்துவிடும். மயில்கொன்றை (குல்மோகர் மரம்) பார்க்க அழகு, ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் கிளை முறியும். மருதம் வாய்க்கால் கரைக்கு உரியது. உங்கள் வாசலுக்கு நான் சொல்வது வேம்பு அல்லது புங்கை. காம்பவுண்டுக்குள் இடம் இருந்தால் ஒரு மா.

வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து மண்ணில் ஊன்றியிருந்தாலோ, உள்ளே கயிறு மாதிரி சுருண்டிருந்தாலோ அந்தக் கன்று வேண்டாம். நம்மூருக்குப் பெருமழை ஐப்பசியில்தான். அதை ஒட்டி நடுங்கள்.

கோடையில் ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், கரி ஒட்டும். அந்தத் தூசி இலைத்துளையை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை சாயங்காலம் ஹோஸ் பிடித்து, இலையின் இரண்டு பக்கமும் நனையக் கழுவிவிடுங்கள்.